கலிப்பரின் நிறம் காரை நிறுத்தாது

எங்கட பெடியள் ஆரும் பழைய ஹொண்டா சிவிக் ஒண்டு வாங்கினால் முதல் மாதம் சைலன்சர் மாறும். இரண்டாம் மாதம் ரிம் மாறும். மூன்றாம் மாதம் அந்த ரிம்முக்குள்ளால சிவப்பாய் ஒரு கலிப்பர் எட்டிப் பார்க்கும். படம் எடுத்துப் போடுவினம். நாங்களும் போய் 'சூப்பர் மச்சான்' எண்டு எழுதிப்போட்டு வருவம். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கிறதில்லை. அந்தக் கேள்விகளைத்தான் இங்கே கேட்கப்போகிறோம். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். ஆனால் ஆரையும் மேலே நின்று திட்டவில்லை. இந்தப் பிழையை முதலில் விட்ட ஆக்கள் நாங்கள்தான்.

எங்கட கூட்டத்தில் ஒருவனிடம் 1990களின் சிவிக் எஸ்ஐஆர் ஒன்று இருக்கிறது. 1.6 லீற்றர் வீடெக் எஞ்சின், ஜப்பானில் விற்ற கணக்குக்கு 170 குதிரைவலு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடின காருக்கு இப்பவும் நல்ல உயிர். அவன் ஒரு வருஷம் காசு சேர்த்து, வெளிநாட்டில் இருக்கிற மாமாவிடமும் கொஞ்சம் வாங்கி, முன்பக்கத்துக்கு நாலு பிஸ்டன் சிவப்புக் கலிப்பரும் துளை போட்ட டிஸ்க்கும் வாங்கினான். ஒரு கராஜில் பூட்டினார்கள். அடுத்த கிழமை நாலு பேர், நாலு பை, யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா.

ஏறேக்க ஒரு பிரச்சினையும் இல்லை. திரும்பி இறம்பொடைப் பக்கத்தால் இறங்கேக்கதான் பெடல் மெல்ல மெல்ல இளகத் தொடங்கியது. முதலில் கொஞ்சம் பஞ்சு மாதிரி. இரண்டு வளைவு கழிய பாதி வரைக்கும் போனது. பிறகு ஒரு வளைவில் மிதித்தால் தரை வரைக்கும் போகுது, கார் நிற்குதில்லை. முன்னுக்கு ஒரு பஸ். அவன் பெடலை அடித்து அடித்து மிதித்தான், இரண்டாம் கியருக்கு இறக்கினான், ஹாண்ட் பிறேக்கை இழுத்தான், மலைப்பக்கக் கானுக்குள் ஒரு சில்லை விட்டு உரசி நிப்பாட்டினான். மற்றப் பக்கம் பள்ளம். காருக்குள் ஒருவரும் ஒரு நிமிஷம் கதைக்கவில்லை.

கொஞ்சம் ஆறவிட்டு, மெல்ல உருட்டிக் கீழே ஒரு சின்னக் கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த ஐயா சில்லைக் கழற்றினார், போத்தலில் ஒயிலை இறக்கிப் பார்த்தார், தேத்தண்ணி நிறம். "தம்பிங்களா, நீங்க கலருக்குக் காசு குடுத்திருக்கீங்க, பிரேக்குக்கு குடுக்கல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பூட்டின இடத்தில் வாங்குத் தட்டில் திறந்தபடி கிடந்த பழைய பிறேக் ஒயிலைத்தான் ஊற்றியிருக்கிறார்கள் என்பது பிறகு கேட்டபோது தெரிய வந்தது. நாங்களும் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒயிலைப் பற்றிக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. கலிப்பரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

எங்கட வாதம் இதுதான்: முன் பிறேக்கைப் பெருப்பிக்க முதல், இருக்கிற பிறேக் ஏன் காணாது என்று சொல்லத் தெரிய வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் நாங்கள் வாங்குவது பிறேக் இல்லை, நகை.

பிறேக் செய்கிற வேலை ஒன்றுதான், ஓட்டத்தை வெக்கையாக மாற்றுவது. நாலு பேரோடும் சாமானோடும் எங்கட சிவிக் கிட்டத்தட்ட 1,400 கிலோ. 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருக்கா நிறுத்தினால் ஏறக்குறைய 540 கிலோ ஜூல் வெக்கையாக மாறும். அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் கழிக்க வேண்டிய சக்தி அதைப்போல 25 மடங்கு. நுவரெலியாவில் இருந்து கம்பளைக்கு இறங்கும்போது அதைவிடக் கூட இறங்குகிறோம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுக்கும். மிச்சம் முழுக்க டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் ஒயிலுக்கும்தான்.

அந்த ஒயில் காற்றில் இருந்து ஈரத்தைக் குடிக்கிற சாமான். டொட் 3 புதிதாக இருக்கேக்க குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் ஏறினால் அந்தக் கணக்கு 140. டொட் 4 எண்டால் 230, 155. டொட் 5.1 எண்டால் 260, 180. கொதித்தால் ஆவி வரும். ஒயிலை நசுக்க ஏலாது, ஆவியை நசுக்கலாம். அதுதான் பெடல் தரைக்குப் போனதன் காரணம். நாலு பிஸ்டன் இல்லை, எட்டுப் பிஸ்டன் பூட்டியிருந்தாலும் அண்டைக்கு அதுதான் நடந்திருக்கும்.

'பெரிய பிறேக் போட்டால் கெதியாய் நிற்கும்' என்பது இரண்டாவது பொய். காரை நிறுத்துவது ரயரும் ரோட்டும். பிறேக் சில்லைத்தான் நிறுத்தும். உங்கட பழைய பிறேக்கே சில்லை லொக் பண்ணுற அளவுக்குப் பிடிக்கிறது எண்டால், அந்த ஒரு மிதிக்குப் பெரிய பிறேக் தரப்போவது ஒன்றுமில்லை. 100 கி.மீ. வேகத்தில் உராய்வு 0.9 உள்ள நல்ல ரயர், காய்ந்த ரோட்டில் நிற்கக் கிட்டத்தட்ட 44 மீட்டர் எடுக்கும். உராய்வு 0.6 ஆகக் குறைந்தால் 66 மீட்டர். வித்தியாசம் 22 மீட்டர், ஐந்து சிவிக்கை வரிசையாக நிறுத்துகிற தூரம். இறுகிப் போன ரயரோடு, மழை பெய்த ஏ9 ரோட்டில் மாடு குறுக்கே வரேக்க இந்த 22 மீட்டர்தான் விசயம். அந்த இடத்தில் கலிப்பரின் பெயரை மாடு வாசிக்காது.

மூன்றாவது, சமநிலை. கடுமையாய் மிதிக்கேக்க பாரம் முன்னுக்குச் சாயும். முன் எஞ்சின் காரில் முக்கால் பங்குக்கு மேல் முன் சில்லுகளில் வந்து நிற்கும். அதைக் கணக்குப் பார்த்துத்தான் கொம்பனி முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்று வைத்திருக்கிறது. முன் பிஸ்டன் பரப்பையும் டிஸ்க்கையும் மட்டும் பெருப்பித்தால் முன் சில்லு நேரத்தோடு லொக் ஆகும், பின் பிறேக் பாதி வேலையோடு நிற்கும். ஏபிஎஸ் இல்லாத காரில் முன் சில்லு லொக் ஆனால் ஸ்டியரிங் வெறும் வளையம்தான். அதோடு பிஸ்டன் பரப்புக் கூடினால் அதே மாஸ்டர் சிலிண்டருக்குப் பெடல் இன்னும் ஆழமாகப் போகும். இதையெல்லாம் சொல்லாமல் கலிப்பரை மட்டும் விற்கிறவர் உங்களுக்குப் பாதிச் சாமான்தான் விற்கிறார்.

அப்ப ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்கிறோமா? இல்லை. வரிசையை மாற்றச் சொல்கிறோம்.

முதலில் இருக்கிறதைச் சரியாக்குங்கோ. கலிப்பர் வழுக்குகிற பின் இறுகியிருந்தால் ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும், கார் ஒரு பக்கம் இழுக்கும். கழற்றித் துடைத்து அதற்குரிய சிலிக்கன் கிறீஸ் பூசினாலே பாதிப் பேருக்குப் புதுப் பிறேக் மாதிரி இருக்கும். டிஸ்க்கின் ஓரத்தில் ஆகக் குறைந்த தடிப்பு அடித்திருக்கும், 21 மி.மீ. முன் டிஸ்க் எண்டால் 19. அதற்குக் கீழே போயிருந்தால் இன்னொருக்காக் கடைய வேண்டாம், எறியுங்கோ. இருபது வருஷம் பழைய றப்பர் ஹோஸ் மிதிக்கேக்க ஊதும், அதை மாற்றுங்கோ.

இரண்டாவது ஒயில். மூடி உடைக்காத போத்தல், டொட் 4 அல்லது 5.1, நாலு சில்லாலும் பழசு முழுக்க வெளியேறும் வரை. இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா. டொட் 5 என்பது சிலிக்கன், அது வேற சாதி, இதோடு கலக்கக் கூடாது.

மூன்றாவது ரயர், நாலாவது பேட். பேட்டில் ஒரு எச்சரிக்கை. போட்டிக்கு எண்டு செய்த பேட் சூடேறினால்தான் பிடிக்கும். காலமை கடைக்குப் பாண் வாங்கப் போகேக்க அது குளிர்ந்துபோய் இருக்கும், பிள்ளை சைக்கிளில் குறுக்கே வந்தால் வழுக்கும். ரோட்டுக்கு ரோட்டுப் பேட். பூட்டின பிறகு ஒழுங்காய்ப் பதியவும் விட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் காணாது எண்டால்தான் பெரிய டிஸ்க். அதிலும் அதே குடும்பத்துக்குள் தேடுங்கோ. பல சாதாரண சிவிக்கில் முன் டிஸ்க் 240 மி.மீ., எஸ்ஐஆரில் 262, சிவிக் டைப் ஆரில் 282. 240இலிருந்து 262க்குப் போவது நல்ல மாற்றம்: 14 அங்குல ரிம் காணும், கொம்பனிச் சாமான், சமநிலையும் பெரிதாய்க் கெடாது. 282 வேண்டுமெண்டால் கதை நீளும். 15 அங்குல ரிம் வேண்டும். டைப் ஆரின் ஹப்புக்கு ஐந்து நட்டு, உங்கட காருக்கு நாலு. முன்னுக்கு மட்டும் மாற்றினால் மேலதிக ரயர் எந்தப் பக்கத்துக்குப் பொருந்தும்? அதனால் பின் ஹப், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் சேர்த்து எடுக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் நடந்தால் இதெல்லாம் ஒரே காரில் கழற்றினதாகக் கிடைக்கவும் கூடும். ஆனால் கலிப்பரைக் கையில் எடுத்து பிஸ்டனில் துருப் புள்ளி இருக்கா, றப்பர் வெடித்திருக்கா எண்டு பாருங்கோ. பெயரைப் பார்க்காதேங்கோ. பிரெம்போ என்று அடித்ததெல்லாம் பிரெம்போ இல்லை. பழைய கலிப்பருக்கு மேல் ஒட்டுகிற சிவப்புப் பிளாஸ்டிக் மூடியிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. நிறுத்த உதவாததோடு காற்றையும் மறைக்கிறது.

'நாங்கள் கட்டுக்குருந்தவில் ஓடப்போகிறோம்' என்று சிலர் சொல்வினம். உண்மையாய் ஓடுகிறவர்களுக்கு இந்தப் பதிவு இல்லை. சுற்றுக்குச் சுற்று வேகத்தில் இருந்து இறக்குகிற காருக்குப் பெரிய டிஸ்க் தேவை, அது வெக்கையைத் தாங்கும், வேகமாய் ஆறும். அவர்கள் ஒயிலை எத்தனை தரம் மாற்றுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கோ. 'எங்கட கார், எங்கட காசு, வடிவுக்குப் போடுறம்' என்பவர்களோடும் சண்டை இல்லை. வெக்கை தாங்குகிற பெயின்ற் ஒரு டின் வாங்கிக் கொம்பனிக் கலிப்பருக்கே சிவப்படியுங்கோ. வடிவும் கிடைக்கும், பிறேக்கும் மிஞ்சும்.

கோபம் பெடியளோடு மட்டும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருஷமும் இருந்த பழைய கார்களைத்தான் இந்த நாடு ஓட்டியது, இப்பவும் ஓட்டுகிறது. வருஷா வருஷம் வரி அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை செய்ய வேண்டும், காப்புறுதி காட்ட வேண்டும். தனியார் காரின் பிறேக்கை ஆரும் பார்ப்பதில்லை. புகை வராமல் மோதினால் சரி என்பது போல ஒரு ஏற்பாடு. அரசாங்கம் பார்க்காத இடத்தில் நாங்கள்தான் ஒருவர் காரை ஒருவர் பார்க்க வேண்டும்.

எங்கட நண்பன் அந்தச் சிவப்புக் கலிப்பரை விற்றுவிட்டான். வாங்கினவனுக்கு நடந்ததைச் சொல்லித்தான் விற்றான். பழைய 262 டிஸ்க்குக்குத் திரும்பி, நல்ல பேட், புது ஹோஸ், புது ஒயில், நாலு ரயர். மாமா அனுப்பின காசில் மிச்சமும் வந்தது. போன மாதம் அம்மாவையும் அப்பாவையும் பின்சீற்றில் இருத்தி அதே ரோட்டால் இறங்கினான், கியரில், மெல்ல. அம்மா முழு வழியும் நித்திரை.

வாற ஞாயிறு உங்கட காரின் பொனற்றைத் திறந்து பிறேக் ஒயில் போத்தலைப் பாருங்கோ. தேத்தண்ணி நிறத்தில் இருந்தால், கலிப்பர் வாங்க வைத்திருக்கிற காசை இப்போதைக்கு அப்படியே வைத்திருங்கோ.