இஞ்சி பியர் பொங்கவில்லையா?

முதன்முறையாக இஞ்சி பியர் வைக்கும் சகோதரிகள் பலர், இரண்டு நாளாகியும் நுரை காணாது மனஞ்சோர்வதுண்டு. கம்பளையின் மார்கழிக் குளிரில் மதுவம் சோம்பிக் கிடக்குமேயன்றி மடிந்துவிடாது. பாத்திரத்தைத் துணியால் போர்த்தி அடுப்படிக்கு அண்மையில் வைத்தால் விழித்தெழும். 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பமே அதற்கு உகந்தது. கொதிக்கும் இஞ்சிச் சாற்றில் மதுவத்தை இட்டிருந்தாலோ, அது வெந்து மடிந்திருக்கும். சாறு நன்கு ஆறிய பின் புதிதாக இடுதலே வழி. வினாகிரி மணம் வீசினால் இரக்கமின்றிக் கொட்டிவிடுங்கள்.

நான் அஞ்சுவது பொங்காத பியருக்கன்று. போத்தலில் அடைத்தபின் பொங்குவதற்கே. நொதித்தல் உயிருள்ள மதுவத்தின் செயல் என்று 1857இல் லூயி பாஸ்டர் எடுத்துரைத்ததை மாணவர்கள் அறிவர். அவ்வுயிர் சீனியை உண்டு காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுகிறது. சீனி மிஞ்சியிருக்கையில் மூடியை இறுக்கினால், போக்கிடமற்ற வாயு கண்ணாடியையே வெடிக்கச் செய்யும். பிள்ளைகள் உலவும் வீட்டில் கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம்! பிளாஸ்டிக் போத்தலாயின் விரலால் அழுத்திப் பார்க்கலாம். கல்போல் இறுகியதும் மூடியை மெல்லத் தளர்த்தி வாயுவை வெளியேற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அங்கும் நொதித்தல் அடியோடு நிற்பதில்லை. சில நாட்களுக்குள் பருகிவிடுக.

இதில் சிறிதளவு மதுசாரமும் உண்டாகும். ஆதலால் சிறுவர்க்கு நொதிக்காத இஞ்சிச் சர்பத்தையே கொடுங்கள்.