அமீனா வந்த அன்று எங்கே இருந்தீர், கனவானே?

தேர்தல் வந்தால்தான் சேரிச் சந்துக்குள் கார் நுழைகிறது. "பார்லிமெண்டில் உங்கள் குரலாக இருப்பேன்" என்கிறார் கனவான். நல்லது ஐயா! வீட்டுக்காரன் சட்டி பானையைத் தெருவில் வீசிய அன்று அந்தக் குரலுக்குத் தொண்டை கட்டியிருந்ததா?

லண்டன் ஸ்டெப்னியைப் பாருங்கள், தோழர்களே. துறைமுகத் தொழிலாளரும் தையல் தொழிலாளரும், யூதரும் ஐரிஷ்காரரும் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டை. 1937-ல் பாரகன் மான்ஷன்ஸ் குடியிருப்பில் இரண்டு குடும்பங்களை வெளியேற்ற அமீனாக்கள் வந்தனர். இரண்டும் பாசிஸ்ட் மோஸ்லியின் கட்சிக் குடும்பங்கள். அந்தக் கட்சி எட்டிப் பார்க்கவில்லை. பில் பிராட்டினும் கம்யூனிஸ்ட் தோழர்களும்தான் குடியிருப்போரைத் திரட்டித் தடுப்பு எழுப்பி மறித்தார்கள். வெளியேற்றம் நின்றது. மோஸ்லியின் கட்சிச் சீட்டுகள் கிழிந்தன.

"எதிரிக்கா உதவுவது?" என்று நம்மிலேயே சிலர் முணுமுணுக்கலாம். வாடகை பாக்கி கட்சி பார்த்தா வருகிறது? பசித்தவனைப் பாசிஸ்ட்டிடம் விட்டுவிட்டு, பிறகு மேடையேறிப் பாசிஸத்தைத் திட்டி என்ன பயன்?

அதே ஆண்டு பிராட்டின் ஸ்டெப்னி நகரசபை உறுப்பினரானார். 1940 செப்டம்பரில் ஹிட்லரின் குண்டுகள் கிழக்கு லண்டனில் விழுந்தன. ஏழைகளுக்கு உருப்படியான பதுங்குமிடம் இல்லை. சவாய் ஓட்டல் நிலவறையிலோ சீமான்களுக்குச் சொகுசுப் படுக்கை! ஸ்டெப்னி மக்களை அழைத்துக்கொண்டு நேரே அதற்குள் நுழைந்தார் பிராட்டின்.

1945-ல் மைல் எண்ட் தொகுதி அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. 640 பேர் சபையில் கம்யூனிஸ்டுகள் இரண்டே பேர். 1950-ல் அந்த இரண்டு இடங்களும் போயின. கனவான் சிரிக்கட்டும். பாரகன் மான்ஷன்ஸ் வாசலில் கனவான்கள் எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் அவரே எண்ணிச் சொல்லட்டும்!