கேற்றடி லைட்டின் சுவிட்ச் யாரிடம் இருக்கு?

வெளிச்சுவரில் பூட்டிய ஸ்மார்ட் பிளக் வைஃபையோடு இணையவில்லை என்றால், வீட்டுக்காரர் முதலில் சொல்வது, "உது எனக்கு ஒண்டும் விளங்காது தம்பி, நீயே ஒருக்காப் பார்" என்பதுதான். போன் தட்டத் தெரிந்த எங்களைப் போன்ற ஆக்கள்தான் இப்ப அயலட்டையின் மின்பழுது பார்ப்பவர்கள். அதனால் இது எங்களுக்கான கதை. பிளக்கை இணைப்பது எப்படி என்றும் சொல்கிறேன், இணைத்துவிட்டுக் கிளம்புவதோடு வேலை முடியாது என்றும் சொல்கிறேன்.

முதலில் பிளக்கைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, ரவுட்டருக்குப் பக்கத்தில் செருகிப் பாருங்கள். உள்ளே இணைந்து வெளியே இணையாவிட்டால் சிக்கல் தூரத்தில், மொத்தச் சுவரில், தகரத்தில் இருக்கிறது. ரவுட்டரை ஜன்னல் பக்கம் நகர்த்தினாலே பல வீடுகளில் சரிவரும். உள்ளேயும் இணையாவிட்டால் சிக்கல் பெரும்பாலும் செற்றிங்ஸில். இந்த ஒரு சோதனை அரைநாள் அலைச்சலை மிச்சம் பிடிக்கும்.

செற்றிங்ஸில் முதல் சந்தேகம் 2.4 கிகாஹேர்ட்ஸ். இந்தப் பிளக்குகளில் பெரும்பாலானவைக்கு அந்த அலைவரிசை மட்டும்தான் தெரியும். புது ரவுட்டர்கள் 2.4ஐயும் 5ஐயும் ஒரே பெயரில் விடுகின்றன. போன் 5இல் நிற்கும், பிளக் 2.4இல் தேடிக்கொண்டிருக்கும், ரெண்டும் சந்திக்காது. ரவுட்டருக்குள் போய் ரெண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள், அல்லது இணைக்கும் வரைக்கும் 5ஐ நிறுத்தி வையுங்கள். அடுத்தது பாதுகாப்பு முறை. டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பிளக்குகள் உள்ளே வராது, டபிள்யூபிஏ2உம் சேர்ந்த முறைக்கு மாற்றவேணும். போனில் விபிஎன்னையும் மொபைல் டேற்றாவையும் நிறுத்துங்கள், செயலி கேட்கும் லொகேஷன், புளூடூத் அனுமதிகளைக் கொடுங்கள். வைஃபைக்குத் தமிழிலோ இமோஜியிலோ பெயர் வைத்திருந்தால், இணைக்கும் நேரத்துக்காவது வெறும் ஆங்கில எழுத்துக்கு மாற்றிப் பாருங்கள். கடைசியில் பிளக்கின் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, லைட் வேகமாகச் சிமிட்டத் தொடங்கியதும் திரும்ப முயலுங்கள்.

இவ்வளவும் தெரிந்தால்தான் ஒரு கேற்றடி லைட்டைப் போட முடியும் என்றால், பிழை அந்த வீட்டு அம்மாவில் இல்லை. பெட்டியில் 'ஸ்மார்ட்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 2.4 என்பதை அடியில் எறும்பு எழுத்தில் போட்டவர்களில் இருக்கிறது. 'எனக்கு உது விளங்காது' என்று அவர் வெட்கப்படத் தேவையில்லை. நாங்களும் அந்த வெட்கத்துக்கு எண்ணெய் ஊத்தக்கூடாது.

எங்கட இடத்துக்கென்று இன்னொரு ஆபத்து உண்டு. கனடாவில் இருந்து வரும் பெட்டிக்குள் சொக்லேட்டோடு இப்படி ஒரு பிளக்கும் வரும். அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. கால் மாற்றுகிற அடப்டர் காலைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. பிளக்கில் 230 அல்லது 240 வோல்ட் என்று எழுதியிருக்காவிட்டால் செருகவே வேண்டாம். ஐபி44 என்று போட்டிருந்தால் மழைச் சாரலைத் தாங்கும், வெள்ளத்தில் கிடக்காது. கிணத்து மோட்டருக்கும் இதைப் பூட்டாதீர்கள். மோட்டர் தொடங்கும்போது சாதாரண ஓட்டத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், சின்னப் பிளக்கின் உள் சுவிட்ச் ஒட்டிப்போய்விட்டால் மோட்டர் நிற்காது.

இனி நான் சண்டை பிடிக்க விரும்புகிற விசயம். பிளக் இணைந்தது, சரி. யாருடைய கணக்கில் இணைந்தது? அநேகமாக இணைத்துக் கொடுத்த பொடியனின் போனில். அவன் கம்பஸுக்குப் போவான், வெளிநாடு போவான், போனை மாற்றுவான். சில வகைப் பிளக்குகளைப் பழைய கணக்கில் இருந்து நீக்காமல் புதிய கணக்கில் சேர்க்கவும் முடியாது. வீட்டில் இருப்பவர் தன் வாசல் லைட்டை நிற்பாட்ட இன்னொரு நாட்டுக்குக் கோல் எடுக்கவேண்டி வரும். சுவிட்ச் சுவரில் இருந்த காலத்தில் அவர் யாரையும் கெஞ்சவில்லை.

அந்தப் பொடியனுக்கு மேலே நிறுவனமும் இருக்கிறது. அமெரிக்காவின் இன்ஸ்டியோன் நிறுவனத்தின் சேர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவித்தல் இல்லாமல் நின்றன. பெல்கின் நிறுவனம் தன் வீமோ சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்கான சேவையை 2026 ஜனவரி 31உடன் நிறுத்துவதாக 2025இல் அறிவித்தது. பொருள் கையில், உயிர் வேறெங்கோ.

"அப்ப வேண்டாம் எண்டு சொல்லுறியோ?" என்று கேட்பீர்கள். இல்லை. தனியே இருக்கிற தாய் தகப்பனின் வாசலில் பின்னேரம் ஆறு மணிக்கு லைட் பத்துகிறது என்று தூரத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தெரிவது சின்ன நிம்மதி இல்லை. ஆனால் அதற்கு மட்டும் என்றால், இருட்டினால் தானே பத்துகிற சென்சர் பல்ப் போதும். அதற்கு வைஃபையும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

ஸ்மார்ட் பிளக்தான் வேணும் என்றால் வாங்க முதல் மூன்று கேள்வி கேளுங்கள். இன்டர்நெட் இல்லாமல் உடம்பில் உள்ள பட்டனால் போடவும் நிற்பாட்டவும் முடியுமா? குறித்த நேர ஒழுங்கைப் பிளக்கே நினைவில் வைக்குமா, இல்லை ஒவ்வொரு நாளும் சேர்வரைக் கேட்குமா? கரண்ட் போய் வந்தால் லைட் எந்த நிலையில் நிற்கும்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. மூன்றாவது கேள்வியை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பூட்டிக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு கடமை. கணக்கை வீட்டுக்காரரின் நம்பரிலேயே திறவுங்கள். பட்டன் எங்கே, எவ்வளவு நேரம் அழுத்தவேணும் என்று தமிழில் ஒரு துண்டில் எழுதி மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை அவர்களின் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். பிறகு உங்கட போனைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு, "அன்ரி, இப்ப நீங்கள் போட்டுக் காட்டுங்கோ" என்று சொல்லுங்கள். அவர் தானாகப் போட்டு, தானாக நிற்பாட்டினால்தான் வேலை முடிந்தது.