விஸ்கிக்கு டிக்கெட், பதநீருக்கு விசாரணையா?

விஸ்கி காய்ச்சும் ஆலையைப் பார்க்கக் காசு கொடுத்துப் போகிறார்கள், தெரியுமா? ஸ்காட்லாந்து சங்கதி மட்டுமல்ல. நம் நாட்டில் கோவாவிலேயே பால் ஜான் ஆலையில் இது நடக்கிறது. செம்புக் கொப்பரை, மரப் பீப்பாய் எல்லாம் காட்டி, கடைசியில் ருசி பார்க்கவும் கொடுக்கிறார்கள்.

பெங்களூர் அம்ருத் கம்பெனி 1948-ல் பிறந்தது. 2004-ல் ஸ்காட்லாந்துக்கே போய்த் தன் 'சிங்கிள் மால்ட்' விஸ்கியை விற்றது! அங்கே பீப்பாயில் வருஷத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் சுமார் 10 சதவீதம். அந்த நஷ்டத்தையும் கதையாகச் சொல்லிக் காசாக்குகிறார்கள். கெட்டிக்காரர்கள்!

நம்ம நெல்லைச் சீமையில்? கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள்ளுக்கு 1987 முதல் தடை. அதனால் பனையடிக்கு வருகிறவர், நான் பார்த்தவரை, கலயத்தை மோந்து பார்க்கத்தான் வருகிறார்.

பக்கத்து உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தாச்சு. வெளியூர்க்காரரோ அல்வாவை வாங்கிக்கிட்டு ரயிலேறிவிடுகிறார். பனை ஏறுவதையும், பதநீர் காய்ச்சுவதையும், சிரட்டையில் பாகு ஊற்றுவதையும் காட்டினால் பார்க்க மாட்டாரா? பனையேறி கையிலும் நாலு காசு புரளுமே!

போதைக்கு டிக்கெட் போடலாம், கருப்பட்டிக்குக் கூடாதா? சுற்றுலாத் துறை கவனிக்குமா?