அரங்கேற்றமும் வெளியீடும்

புஸ்தகத்தை எங்கே எழுதினாலும் சென்னைப் பட்டணத்தில்தான் வெளியிடவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ, நாம் அறியோம். நம் நண்பர் அந்தச் சட்டத்துக்கு அடங்கி நடந்தார். திருப்பூர் பனியன் கம்பெனியொன்றில் இருபது வருஷம் கணக்கெழுதிய அநுபவத்தை நாவலாக்கி, சொந்தப் பணத்தில் அச்சிட்டிருந்தார். அது பெண்ணின் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த பணம் என்று அவர் மனைவி நம் இல்லத்தரசியிடம் சொன்னதாகக் கேள்வி. இதற்குப் பிறகு போகாமலிருக்கலாமா? சனிக்கிழமை இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டோம்.

மறுநாள் மாலை மேடையில் ஏழு பிரசங்கிகள். பொன்னாடைகளுக்கும் குறைவில்லை. (பருத்தியூர்க்காரருக்குப் போர்த்தியது பாலியெஸ்டர்!) நாவலின் நாயகி ஒரு கைமடி. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறோம்: பவர்டேபிளில் தைப்பவருக்குப் பக்கத்தில் நின்று, துணியை எடுத்துக் கொடுத்தும், தைத்ததை வாங்கி அடுக்கியும் உதவுகிற ஆளுக்குத் திருப்பூரில் கைமடி என்று பெயர். மூன்றாவது பிரசங்கியார் அதற்குக் கண்ட பொருளே வேறு. கையையே மடியாக்கி உலகைத் தாங்கும் தாய்மை என்று கால் மணி நேரம் பொழிந்து தள்ளினார். சபையில் ஒரே கரகோஷம். நண்பர் பொன்னாடைக்குள் நெளிந்துகொண்டிருந்தார்.

முன்னாளில் அரங்கேற்றம் என்று ஒன்று இருந்தது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் தொல்காப்பியத்தை அதங்கோட்டாசான் கேட்டார் என்று பனம்பாரனார் பாயிரம் கூறுகிறது. அவர் குற்றங் கூறக் கூறத் தொல்காப்பியர் விடை கூறினார் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கதையே சொல்கிறார். காஞ்சி குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தைத் தொடங்கியதுமே, முதற் சொல்லின் புணர்ச்சிக்கு இலக்கணம் எங்கே என்று மடக்கினார்களாம். சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தில் விதியைக் காட்டிய பிறகுதான் மேலே நடந்தது என்பது ஐதிகம். கதையோ, நிஜமோ, மறுத்தவர்கள் காதுகொடுத்துக் கேட்டிருந்தார்கள் என்பது நிச்சயம். ஏழு பொன்னாடைகளைவிட நாம் அதையே பெரிய மரியாதையாகக் கருதுகிறோம்.

அந்த மரியாதை கிடைக்க 450 கிலோமீட்டர் போகவேண்டியதில்லை. நொய்யல் சாயக்கழிவால் கெட்டதைச் 'சாயத்திரை' என்ற நாவலாக்கிய சுப்ரபாரதிமணியனின் ஊர் திருப்பூர். அங்கே புத்தகத் திருவிழாவும் நடக்கிறது. நண்பரின் அடுத்த நாவலை அங்கே ஒரு கட்டிங் மாஸ்டரும், செக்கிங் வேலைக்காரியும், ஒரு கைமடியும் முன்கூட்டிப் படித்துவிட்டு வந்து முன்வரிசையில் உட்காரட்டும். இது நடக்காத காரியமா?

அன்றிரவு திரும்பும் ரயிலில் நண்பர் வாய் திறக்கவில்லை. பகலில் அறையிலேயே நாவலைப் படித்து முடித்திருந்த நாம் மெதுவாகக் கேட்டோம்: "கதாநாயகி சனிக்கிழமைச் சம்பளத்தை வாங்காமலே ஊருக்குப் போய்விடுகிறாளே! எந்தக் கைமடி அப்படிச் செய்வாள்?"

நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்குக் காரணம் இருக்குதுங்க, வாத்தியாரே!" என்று ஆரம்பித்தார். மேல் படுக்கைக்காரர் இருமுறை விளக்கை அணைக்கச் சொல்லியும், காட்பாடி வரும் வரையில் அவர் ஓயவில்லை.