வெளிநாட்டு ‘ரிட்டயர்டு’ ஆட்களுக்கு மசாஜ்: தாய்லாந்து அரசின் கணக்கு என்ன?

வடக்கு தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் தெருவுக்குத் தெரு மசாஜ் கடை. வருபவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டுமல்ல. ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்காவிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட ஓய்வூதியக்காரர்களும்தான். இதில் அரசு எங்கே வருகிறது?

யாருக்கு அனுமதி?

50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஓய்வுக்கால விசா உண்டு. வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். வேலை பார்க்கக் கூடாது. சுருக்கமாகச் சொன்னால், உள்ளூர்க்காரர் வேலையைப் பறிக்காமல் காசை மட்டும் செலவு செய்யும் விருந்தாளிகள். வசதி படைத்த ஓய்வூதியர்களுக்காக 2022இல் 10 ஆண்டு விசாவும் வந்தது.

மசாஜுக்கு மானியமா?

இல்லை. அரசு கைகொடுப்பது வாடிக்கையாளருக்கு அல்ல, தொழிலுக்கு. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி கடைக்கு உரிமமும், மசாஜ் செய்பவருக்குப் பதிவும் கட்டாயம். பதிவு செய்ய குறைந்தது 150 மணி நேரப் பயிற்சி தேவை. தாய் மசாஜ் வேலையை வெளிநாட்டவர் அங்கே செய்யவே முடியாது. சியாங் மாய் பெண்கள் சிறையில் விடுதலையை நெருங்கும் கைதிகளுக்கும் பயிற்சி தந்து, மசாஜ் மையத்தில் வேலை கொடுக்கிறார்கள். 2019இல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்ததால் தொழிலின் மவுசு கூடியது.

உள்ளாட்சிக்கு என்ன வேலை?

2022இன் பிற்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான கிராமப்புற சுகாதார நிலையங்கள் மாகாண உள்ளாட்சி அமைப்புகளின் கைக்கு மாறியுள்ளன. அரசின் பொது மருத்துவத் திட்டத்தில் பாரம்பரிய மசாஜ் சிகிச்சையும் அடக்கம். ஆனால் அந்தச் சலுகை தாய்லாந்துக் குடிமக்களுக்குத்தான். வெளிநாட்டு ஓய்வூதியர் சொந்தக் காசைத்தான் எடுக்க வேண்டும்.

அப்போ சிக்கல் எங்கே?

மசாஜ் செய்பவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, கமிஷன்தான். ஆள் வராத நாளில் வருமானமும் வராது. 2020இல் கொரோனாவுக்காகக் கடைகள் மூடப்பட்டபோது இது பட்டவர்த்தனமானது. சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சூழும் புகை மூட்டம் இன்னொரு அடி. மூச்சுத் தொல்லை உள்ள முதியவர்கள் அந்த மாதங்களில் ஊரைவிட்டே கிளம்புகிறார்கள்.

இன்னொரு பக்கம், தாய்லாந்தே வேகமாக முதுமையடைகிறது. அங்கே ஐந்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். கிராமத்துப் பாட்டியின் முழங்கால் வலிக்கும் பயிற்சி பெற்ற அதே கைகள்தான் வேண்டும். டாலரும் யென்னும் வைத்திருப்பவர் நகரத்தில் கூடுதலாகக் கொடுத்தால், அந்தக் கைகள் எந்தப் பக்கம் போகும்?

வெளிநாட்டு முதியவர்களை வரவழைப்பது சுலபம். அந்த வருமானத்தில் ஒரு பங்கை மசாஜ் செய்பவரின் சமூகப் பாதுகாப்புக்கும், கிராமச் சுகாதார நிலையத்துக்கும் திருப்பிவிடுவதுதான் கஷ்டம். திட்டத்தின் உண்மையான தேர்வு அதுதான்.