வீடு வாங்குமுன் சடக்கைப் பாருங்கள்

தோட்டத்து லயத்தில் வாழ்ந்தபோது, பள்ளிக்கும் கோயிலுக்கும் போகச் சடக்கையா தேடினோம்? மரநிரைகளுக்கு நடுவே குறுக்கே நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இன்று மலாக்காவில் பல தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. கல்வீடு, குழாய்த் தண்ணீர், வாசலில் தார்ச் சடக்கு, எல்லாம் நல்லதுதான். ஆனால் சில தாமான்களுக்கு வாசல் ஒன்றே ஒன்று. உள்ளே எல்லாம் முட்டுச்சந்துகள். பின்சுவருக்கு அப்பால் பள்ளிக்கூட மணி கேட்கும். பிள்ளையோ பெரிய சடக்கில் ஏறி, லாரிகளுக்கு ஓரமாகச் சுற்றிப் போக வேண்டும். மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டில் கிழவி மருந்தகத்துக்கு எப்படிப் போவாள்?

மலாக்கா டவுனின் பழைய பகுதிக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். தங்க ஆசாரிகள் பெயர் தாங்கிய தெருவில், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. அங்கிருந்து ஜோங்கர் தெருவுக்கு எத்தனை குறுக்குத் தெருக்கள்! ஒன்று அடைபட்டால் மற்றொன்று. டச்சுக்காரர் ஆட்சி போய் இருநூறு ஆண்டுகளாகியும் அந்தத் தெருக்கள் மாறவில்லை. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். தெருவை ஒருமுறை போட்டுவிட்டால் பேரப்பிள்ளை காலத்திலும் அதுதான் வழி.

உலக நகரங்களின் தெருக்களை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது. 1975 முதல் பல நாடுகளில் ஒன்றோடொன்று இணையாத தெருக்கள் பெருகிவிட்டன. தென்கிழக்காசியாவில் வேலி போட்ட குடியிருப்புகளும் அதற்கு ஒரு காரணம். பொலிவியா, பெரு போன்ற நாடுகளிலோ இன்னும் கட்டம் கட்டமாகத் தெரு போடுகிறார்கள்.

முட்டுச்சந்தில் வண்டித் தொல்லை இல்லை, பிள்ளைகள் விளையாடலாம் என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் வண்டி போகாவிட்டாலும் ஆள் நடக்க ஒரு சந்தாவது விடவேண்டும் என்று கேட்கிறோம்.

எனவே, சேமநிதிப் பணத்தை எடுத்து முன்பணம் கட்டுமுன், அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கும் பஸ் நிற்குமிடத்துக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். 1976ஆம் ஆண்டு நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் சட்டப்படி, வட்டாரத் திட்ட நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபத்தை நாம் எழுதிக் கொடுக்கலாம். அலோர் காஜாவோ ஜாசினோ, உங்கள் நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். நாலு குடும்பம் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

சுவர் எழும்பிய பிறகு அழுது பயனில்லை. வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே வாய் திறப்போம்.